வாடகைப் பிணக்குகளில் எதிர்க்கோரிக்கை: எந்த நீதிமன்றத்தில், எந்த அளவுக்கு?

வாடகைக்கு விடப்பட்ட வீட்டையோ கடையையோ மீளப் பெறுவதற்காக உரிமையாளர் வழக்குத் தொடுக்கும்போது, “எனக்கும் அவரிடமிருந்து வரவேண்டியது உண்டு” என்று குடியிருப்பாளர் பதிலளிப்பது புதுமையான விடயமன்று. கூரையைத் திருத்திய செலவு, தோண்டிய கிணறு, பொருத்திய மின்னிணைப்பு, ஆரம்பத்தில் கொடுத்த முற்பணம் என்று அவரது கணக்கு நீளும். இக்கணக்கை உரிமையாளர் தொடுத்த அதே வழக்கிலேயே முன்வைக்கலாமா, அல்லது வேறொரு வழக்கில்தான் கேட்கவேண்டுமா, அதனை விசாரிக்கும் நியாயாதிக்கம் எந்த நீதிமன்றத்துக்கு உண்டு என்ற வினாக்களுக்கு விடை தெரியாமையால், நியாயமாகக் கிடைக்கவேண்டிய பணத்தை இழந்தவர்கள் பலர். இதே காரணத்தால், ஒரு வருடத்தில் முடியவேண்டிய வழக்கைப் பத்து வருடங்கள் இழுத்துச் சென்ற உரிமையாளர்களும் உளர்.

கற்பிட்டிப் பிரதேசத்தில் இவ்வினா முன்னெப்போதையும்விட இன்று முக்கியம் பெறுகின்றது. ஒரு காலத்தில் இங்கு வாடகை என்றால் கடைத்தெருவிலுள்ள சில கடைகளும், பருவத்துக்கு வந்து போகும் மீனவர்களின் வாடிகளுமே நினைவுக்கு வரும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், குறிப்பாக மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் வந்தோர், கற்பிட்டிக் கரையிலேயே முதலில் இறங்கினர். அவர்களுள் பலர் பிறரது காணிகளிலும் வீடுகளிலும் வாய்மொழி உடன்பாட்டின் பேரில் தங்கினர். பின்னர் நுரைச்சோலை அனல் மின்நிலையமும், ஆலங்குடா, கண்டக்குளி கரைகளை நாடிவரும் உல்லாசப் பயணிகளும் வாடகையின் பெறுமதியை உயர்த்தினர். பெறுமதி உயரும்போது பழைய வாய்மொழி உடன்பாடுகள் இறுகிப் பிணக்காக மாறுவது இயல்பே.

வாய்மொழி உடன்பாட்டுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பதை முதலில் நோக்குவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டும். அவ்வாறன்றி, வெற்றுத் தாளில் முத்திரை ஒட்டி இருவரும் கையொப்பமிட்ட “இரண்டு வருட ஒப்பந்தம்” இரண்டு வருடக் குத்தகையாக நிலைக்காது. ஆயினும் வாடகை மாதந்தோறும் கொடுக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால், மாதவாடகைக் குடியிருப்பு ஒன்று உருவாகியிருக்கும். அதனை முடிவுறுத்த முறையான முன்னறிவித்தல் தேவை. எமது பகுதியில் நடைபெறும் வழக்குகளிற் பெரும்பாலானவை இவ்வகை மாதவாடகை பற்றியவையே.

இனி நியாயாதிக்கத்துக்கு வருவோம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம், வேறு நீதிமன்றத்துக்கோ நியாயசபைக்கோ ஒப்படைக்கப்படாத குடியியல் விடயங்கள் அனைத்திலும் மாவட்ட நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பற்ற ஆரம்ப நியாயாதிக்கத்தை வழங்கியுள்ளது. எந்த மாவட்ட நீதிமன்றம் என்பதைக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9ஆம் பிரிவு தீர்மானிக்கின்றது. எதிராளி வசிக்கும் இடம், காணி அமைந்துள்ள இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம், உடன்படிக்கை செய்யப்பட்ட இடம் என்பனவே அளவுகோல்கள். ஆகவே கற்பிட்டியிலுள்ள வீடொன்றிலிருந்து வெளியேற்றும் வழக்கு புத்தளம் மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. கற்பிட்டியில் நீதவான் நீதிமன்றம் இயங்குவதால் வாடகை வழக்கையும் அங்கேயே தொடுக்கலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். நீதவான் நீதிமன்றம் ஆரம்ப நீதிமன்றமாக அமரும்போது செய்யக்கூடியது வேறொன்று. அதனைப் பின்னர் விளக்குவோம்.

எதிர்க்கோரிக்கைக்கு அடிப்படை, மேற்படி கோவையின் 75ஆம் பிரிவாகும். எதிராளி தமது மறுமொழியில் எதிர்க்கோரிக்கையைத் தெளிவாகவும் சுருக்கமாகவும் எடுத்துரைத்து, வேண்டும் நிவாரணத்தையும் குறிப்பிட்டால், அது தனியாகத் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கின் முறைப்பாட்டுக்கு ஒப்பான பயனைப் பெறும். மூலக் கோரிக்கை, எதிர்க்கோரிக்கை ஆகிய இரண்டின் மீதும் ஒரே வழக்கில் ஒரே இறுதித் தீர்ப்பை நீதிமன்றம் வழங்கலாம். “முறைப்பாட்டுக்கு ஒப்பானது” என்பதில் பெரும் பொருள் பொதிந்துள்ளது. தனி வழக்காகத் தொடுத்திருந்தால் எந்தக் குறைபாட்டினால் அது தள்ளுபடியாகுமோ, அதே குறைபாடு எதிர்க்கோரிக்கையையும் பாதிக்கும். தனி வழக்கை விசாரிக்க அதிகாரமற்ற மன்று, அதே விடயம் எதிர்க்கோரிக்கை என்ற பெயரில் வந்தாலும் அதிகாரம் பெற்றுவிடாது. மறுபுறத்தில், மாவட்ட நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பு இல்லாமையால், எதிர்க்கோரிக்கையின் தொகை மூலக் கோரிக்கையைவிடப் பன்மடங்கு அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் அது வெளியே தள்ளப்படுவதில்லை.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடையொன்றின் மாத வாடகை 15,000 ரூபா. ஆறு மாத நிலுவை 90,000 ரூபா என்றும், கடையை ஒப்படைக்கவேண்டும் என்றும் உரிமையாளர் வழக்குத் தொடுக்கின்றார். குடியிருப்பாளர், உரிமையாளரின் சம்மதத்துடன் கூரையை மாற்ற 4 இலட்சம் ரூபா செலவிட்டதாகவும், முற்பணமாக 2 இலட்சம் கொடுத்ததாகவும் மறுமொழியில் கூறுகின்றார். இரண்டும் நிரூபிக்கப்பட்டால், நிலுவையைக் கழித்து 5 இலட்சத்து 10 ஆயிரம் ரூபா அவருக்குச் சேரவேண்டும். ஆனால் அவர் மறுமொழியில் “நான் செலவிட்டுள்ளேன், ஆகவே வழக்கைத் தள்ளுபடி செய்க” என்று மட்டும் எழுதி, பணத்துக்கான நிவாரணத்தை வேண்டாதுவிட்டால் நிலைமை வேறு. கேட்காத நிவாரணத்தை நீதிமன்றம் வழங்குவதில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி நின்று ரசீதுகளை நீட்டும்போதுதான் இக்குறை பலருக்குத் தெரியவருகின்றது.

முற்பணம் பற்றியும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான உடன்பாடுகளில், முற்பணம் இடத்தை ஒப்படைக்கும்போதே திருப்பித் தரப்படவேண்டியது. குடியிருப்பாளர் இன்னும் உள்ளேயே இருக்கும்போது அதனைக் கேட்பதற்கான உரிமை பிறந்துவிட்டதா என்ற ஆட்சேபம் எழும். “என்னை வெளியேற்றத் தீர்ப்பளிக்கப்படுமாயின், முற்பணத்தைத் திருப்பித் தருமாறு கட்டளையிடுக” என்று மாற்று வேண்டுதலாக அதனை அமைப்பதே சட்டத்தரணிகள் கையாளும் வழி.

எதிர்க்கோரிக்கையை வெளியேறாமல் இருப்பதற்கான கேடயமாகப் பயன்படுத்த முடியுமா? இங்கேதான் எமது மக்களிடையே பெருங் குழப்பம் காணப்படுகின்றது. “செலவழித்த காசைத் தரும்வரை சாவியைத் தரமாட்டேன்” என்ற பேச்சைக் கடைத்தெருவில் கேட்காதவர் இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம-ஒல்லாந்தச் சட்டம், பிறர் காணியை நல்லெண்ணத்துடன் தமதென்று நம்பி ஆண்டு, அபிவிருத்தி செய்தவருக்கு, இழப்பீடு பெறும்வரை அதனைத் தம்வசம் வைத்திருக்கும் உரிமையை அளித்தது. வாடகைக்காரரோ காணி தமதன்று என்பதை அறிந்தே உள்ளே வந்தவர். அவரது நிலை வேறு. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் பிறப்பிக்கப்பட்ட கட்டளையொன்று, குத்தகைக்காரர் முதலில் காணியை விட்டு வெளியேறிப் பின்னரே செலவைக் கோரவேண்டும் என்ற திசையில் இவ்வுரிமையை மட்டுப்படுத்தியது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் அதே ஆண்டில்தான். 1667க்கும் 1676க்கும் இடையில் கற்பிட்டியில் அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் களப்பைப் பார்த்து நிற்கின்றது. அவர்களது சட்டமோ இன்றும் எமது வாடகை வழக்குகளுக்குள் நிற்கின்றது. ஆகவே பணத்துக்கான உரிமையையும், பணம் கிடைக்கும்வரை இடத்தை வைத்திருக்கும் உரிமையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. முதலாவது இருக்கலாம், இரண்டாவது இல்லாதிருக்கலாம்.

இதன் விளைவு பணத்திலேயே தெரியும். குடியிருப்பு சட்டப்படி முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து, இடத்தை ஒப்படைக்கும் நாள்வரை உரிமையாளர் நட்டஈடு கோரலாம். அது பழைய வாடகையின் அளவாக இருக்கவேண்டும் என்பதில்லை. சந்தைப் பெறுமதியை நிரூபித்தால் அந்த அளவுக்கும் செல்லலாம். மேலே கூறிய கடைக்கு மாதம் 40,000 ரூபா நட்டஈடு தீர்க்கப்பட்டு, வழக்கு மூன்று வருடங்கள் நீடித்தால் 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா சேர்ந்துவிடும். 6 இலட்சம் ரூபா எதிர்க்கோரிக்கையை நம்பி உள்ளே அமர்ந்திருந்தவர், வென்றும் தோற்றவராக வெளியேறுவார்.

வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டா என்பதும் இதனுடன் சேர்த்து ஆராயப்படவேண்டியது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் நாட்டின் எல்லா இடங்களுக்கும், எல்லாக் கட்டிடங்களுக்கும் ஒரே விதமாக ஏற்புடையதன்று. அது அமுலிலுள்ள பிரதேசமா, கட்டிடத்தின் ஆண்டுப் பெறுமதி விதிவிலக்குக்குள் வருகின்றதா, 1980, 2002 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களால் விலக்கப்பட்டதா என்பவற்றைத் தனித்தனியே பார்க்கவேண்டும். சட்டம் ஏற்புடையதாயின், 22ஆம் பிரிவில் கூறப்பட்ட காரணங்களின்றி வெளியேற்ற முடியாது. நியம வாடகை நூறு ரூபாவுக்கு மேற்படாத இடமாயின் மூன்று மாத நிலுவையும், மேற்பட்டதாயின் ஒரு மாத நிலுவையும் அக்காரணங்களுள் அடங்கும்.

இச்சட்டத்தின் கீழ் எதிர்க்கோரிக்கை கூர்மையான ஆயுதமாகின்றது. அனுமதிக்கப்பட்ட வாடகைக்கு மேலாக வருடக்கணக்கில் அறவிடப்பட்டிருந்தால், மேலதிகமாகச் செலுத்திய தொகையை நிலுவைக்கு ஈடுசெய்து, நிலுவையே இல்லை என்று குடியிருப்பாளர் வாதிடலாம். அது எதிர்க்கோரிக்கை மட்டுமன்று. வழக்கின் அத்திவாரத்தையே தகர்க்கும் எதிர்வாதமுமாகும். கட்டிடத்தை உரிமையாளர் பராமரிக்காவிடின் வாடகைச் சபையிடம் விண்ணப்பிப்பதற்கும் சட்டத்தில் வழியுண்டு. ஆயினும் வாடகைச் சபை, சட்டம் குறிப்பிட்ட விடயங்களை மட்டுமே கையாளும் ஒரு நிறுவனம். நட்டஈட்டுக் கோரிக்கைகளையோ காணி உரித்தையோ அங்கு கொண்டுசெல்வதில் பயனில்லை. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், அதனை உள்ளூராட்சி மன்றத்தில் வைப்பிலிடுவதற்கு 21ஆம் பிரிவு இடமளிக்கின்றது. அந்த ரசீதைப் பத்திரப்படுத்தியவருக்கு நிலுவை வழக்கில் அச்சமில்லை.

எதிர்க்கோரிக்கைகளுள் மிகவும் ஆபத்தானது, “இந்த இடம் எனக்கே சொந்தம்” என்பதாகும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு, குடியிருப்பு ஆரம்பித்தபோது உரிமையாளருக்கு உரித்து இருந்தது என்பதைக் குடியிருப்பாளர் மறுக்க இடமளிப்பதில்லை. வாடகைக்காரராக வந்தவர், எத்தனை வருடங்கள் இருந்தாலும், அந்நிலை நீடிக்கும்வரை 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் பத்து வருட ஆட்சியைக் காட்டி உரித்துப் பெறமுடியாது. அதைவிடப் பாரதூரமானது, வாடகை உறவையே மறுப்பவர் அவ்வுறவு தரும் பாதுகாப்பையும் இழப்பதாகும். எதிரிசிங்க எதிர் பட்டேல் என்ற வழக்கில், வாடகை உறவை மறுத்த குடியிருப்பாளர் முறையான முன்னறிவித்தல் கிடைக்கவில்லை என்ற வாதத்தைப் பின்னர் எழுப்ப முடியாது என்று தீர்க்கப்பட்டது. இரண்டு தோணியில் கால் வைப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

உரிமையாளர் இறந்தபின் பல வாரிசுகள் தோன்றும் நிலை எமது முஸ்லிம் குடும்பங்களில் அடிக்கடி ஏற்படுவது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் விருப்பாவணமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பங்குகள் பிரியும். வாடகையை மூத்த மகன் வாங்கிவருவார். பின்னர் சகோதரி தமது பங்கைக் கேட்பார். குடியிருப்பாளர் இவர்களது பாகப் பிணக்கைத் தமது எதிர்க்கோரிக்கையாக்கிக்கொள்வதில் நன்மையில்லை. அது பாகப்பிரிவினை வழக்கில் தீர்க்கப்படவேண்டியது. யாரிடம் வாடகை கொடுத்தேன், எந்த நாள்வரை கொடுத்தேன் என்பதே அவர் நிரூபிக்கவேண்டியது.

பள்ளிவாசல்களுக்குச் சொந்தமான கடைகள் தனிக் கவனத்துக்குரியவை. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டமும், வக்பு நியாயசபையை உருவாக்கிய 1982ஆம் ஆண்டின் திருத்தமும் வக்பு விடயங்களுக்கெனத் தனி மன்றுகளை அமைத்துள்ளன. கடைக்காரருக்கும் நிருவாகத்துக்கும் இடையிலுள்ளது வெறும் வாடகைப் பிணக்கா, அல்லது சொத்து வக்பு ஆகுமா, நிருவாகிகள் முறையாக நியமிக்கப்பட்டவர்களா என்பதும் பிணக்கில் உண்டா என்பதைப் பொறுத்து எந்த மன்று என்ற வினா எழும். வழக்குத் தொடுக்குமுன் நிருவாகிகளும், மறுமொழி அணைக்குமுன் கடைக்காரரும் இதனைத் தீர்த்துக்கொள்வது அவசியம். இரண்டு வருடங்கள் விசாரித்தபின் மன்று மாறுவதால் பள்ளிவாசலின் வருமானமே வீணாகும்.

ஏனெனில் நியாயாதிக்க ஆட்சேபத்துக்கு உரிய வேளை ஒன்றுண்டு. கோவையின் 76ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பதை எதிராளி மறுமொழியிலேயே தனியான, வெளிப்படையான மறுப்பாகக் கூறவேண்டும். அவ்வாறு கூறாமல் மறுமொழி அணைத்தபின் அந்த ஆட்சேபத்தை எழுப்ப முடியாது என்று நீதித்துறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு விதிக்கின்றது. ஆயினும் அடியோடு அதிகாரமற்ற ஒரு மன்றுக்குத் தரப்பினரின் மௌனம் அதிகாரத்தை வழங்கிவிடாது என்பதும் எமது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. எதிர்க்கோரிக்கையால் தாக்கப்படும் உரிமையாளருக்கும் இது பொருந்தும். அவர் அதற்குப் பதிலுரை அணைத்து, தமது ஆட்சேபங்களை அதில் கூறவேண்டும். வழக்காளி என்ற மிதப்பில் அதனைக் கவனியாதுவிடுவோர் உண்டு.

எதிர்க்கோரிக்கைக்கு இடமேயில்லாத நடவடிக்கைகள் எவை? உரிமையாளர் இரவோடிரவாகப் பூட்டை மாற்றிவிட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்காக அது மன்றுக்கு வரலாம். அங்கு நீதிபதி ஆராய்வது உடைமை யாரிடம் இருந்தது, முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டனரா என்பதையே. உரித்து, வாடகை நிலுவை, செலவுக் கணக்கு எதுவும் அங்கு தீர்க்கப்படுவதில்லை. அந்தக் கட்டளை தற்காலிகமானது. மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பே இறுதியாக நிலைக்கும்.

அரச காணியாயின் நிலைமை மேலும் கடினமானது. கற்பிட்டிக் கரையோரத்தில் உறுதி இல்லாத காணிகளில் வீடும் வாடியும் கட்டி, அவற்றைப் பிறருக்கு வாடகைக்கும் விட்டவர்கள் இருக்கின்றனர். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமையை மீளப் பெறல்) சட்டத்தின் கீழ் தகுதிவாய்ந்த அதிகாரி நீதவானிடம் விண்ணப்பித்தால், செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தையோ எழுத்திலான அதிகாரத்தையோ மட்டுமே காட்டலாம். முப்பது வருடங்கள் வாழ்ந்தோம், இத்தனை இலட்சம் செலவிட்டோம் என்ற கோரிக்கைகளை நீதவான் அங்கு விசாரிக்க முடியாது. காணி தமக்கே உரித்தானது என்போர் ஆறு மாதங்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுக்கவேண்டும். இச்சட்டம் ஏழைகளின் மீது அளவுகடந்து பாரமாக இறங்குகின்றது என்பது எமது கருத்து. எதிர்வாதத்துக்கான கதவை இவ்வளவு ஒடுக்கிவைப்பது, அரசாங்கமே காணி உரிமையாளராக உள்ள கரையோரங்களில் நீதியான ஏற்பாடு ஆகாது.

சுருக்க நடவடிக்கையை நோக்கிய போக்கு தனியார் வாடகையிலும் வளர்ந்துவருகின்றது. குத்தகைக்கு வழங்கப்பட்ட இடங்களின் உடைமையை மீளப் பெறல் பற்றிய 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், தவணை முடிந்த அல்லது முடிவுறுத்தப்பட்ட குத்தகைகளில் உரிமையாளருக்கு விரைவான வழியொன்றை அமைத்தது. ஆண்டுக்கணக்கில் மாவட்ட நீதிமன்றப் படியேறிய உரிமையாளர்களின் துயரை அறிந்தோர் அதனைக் குறைகூறமாட்டார்கள். வீட்டு வாடகையிலேயே சீவிக்கும் விதவைத் தாய்மார் எமது ஊர்களில் குறைவில்லை. எனினும் நடவடிக்கை சுருங்கும்போது எதிராளியின் கணக்குக்கான இடமும் சுருங்கும். கடலோர விடுதிக்காகக் குத்தகைக்கு எடுத்து, அதில் கட்டிடம் எழுப்ப முனைவோர், அச்செலவு தவணை முடிவில் எவ்வாறு ஈடுசெய்யப்படும் என்பதைக் குத்தகை உறுதியிலேயே எழுதிக்கொள்வது விவேகமானது.

இப்பிரச்சினை எமக்கு மட்டும் உரியதன்று. எமது வாடகைச் சட்டம் பிறந்த அதே 1972இல், அமெரிக்க உயர் நீதிமன்றம் லின்ட்சே எதிர் நோர்மெட் வழக்கில், ஒரிகன் மாநிலத்தின் வெளியேற்றல் சட்டத்தை ஆராய்ந்தது. வீடு திருத்தப்படவில்லை என்பதை எதிர்வாதமாக்கக் குடியிருப்பாளர் விரும்பினார். வெளியேற்றல் வழக்கில் எழுப்பக்கூடிய விடயங்களை மாநிலம் மட்டுப்படுத்தலாம் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் மேன்முறையீடு செய்யும் குடியிருப்பாளர் இருமடங்கு பிணைப்பணம் கட்டவேண்டும் என்ற விதியைச் செல்லாதென்றது. இந்தியாவில் 1976ஆம் ஆண்டுத் திருத்தம் எதிர்க்கோரிக்கைக்குச் சட்டக்கோவையில் தெளிவான இடமளித்தபோதும், அது அந்நீதிமன்றத்தின் பண வரம்பைத் தாண்டலாகாது என்று விதித்தது. தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தபின் வாடகைப் பிணக்குகள் வாடகை நீதிமன்றங்களுக்குச் சென்றன. அவற்றால் சொத்துரிமையைத் தீர்க்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் பண வரம்பில்லாத இலங்கையின் ஏற்பாடு, இவ்வகையில் இரு தரப்புக்கும் வசதியானதே என்று சொல்லத் தோன்றுகின்றது. தாமதம் மட்டுமே அதன் பெருங் குறை.

எதிர்க்கோரிக்கையை மறுமொழியில் சேர்க்காதவர் பின்னர் தனி வழக்குத் தொடுப்பது பொதுவாகத் தடுக்கப்படவில்லை. ஆனால் காலம் அவருக்காகக் காத்திராது. எழுத்திலான உடன்படிக்கைக்கு ஆறு வருடங்கள், வாய்மொழி உடன்படிக்கைக்கும் வாடகைக்கும் மூன்று வருடங்கள், சேதத்துக்கான நட்டஈட்டுக்கு இரண்டு வருடங்கள் என்று காலவிதிப்புச் சட்டம் வரம்பிட்டுள்ளது. வெளியேற்றல் வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவரின் உரிமை, அவ்வழக்கு முடியுமுன்னரே காலாவதியாகிவிடலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தமது உரிமைகளைத் தொடரமுடியாதிருந்தோருக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் சலுகை வழங்கியது. ஆயினும் அதன் கீழ் வழக்கிடுவதற்கான காலம் இரண்டு வருடங்களுக்கே மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் விட்டுவந்த வீடுகளைப் பற்றி அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்களைவிட, அதனை அறியாதிருந்தவர்களே எமது பகுதியில் அதிகம்.

மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பில் திருப்தியடையாதவர், 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற வடமேல் மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அங்கிருந்து அனுமதி பெற்று உயர் நீதிமன்றத்துக்கும் செல்லலாம். மூலக் கோரிக்கையில் தோற்று, எதிர்க்கோரிக்கையில் வென்றவர், இரண்டும் ஒரே தீர்ப்பில் அடங்கியிருப்பினும், தோற்ற பகுதிக்கு எதிராக மட்டும் மேன்முறையீடு செய்ய முடியும்.